என்எஃப்எல்லுக்கு எத்தனை பேரை அனுப்பியது என்பதை வைத்து ஒரு கல்லூரி அணியை எடைபோடலாமா?

கேள்வி இதுதான்: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் எந்தக் கல்லூரி சிறந்தது என்பதை, அங்கிருந்து என்எஃப்எல் என்னும் தொழில்முறை லீக்குக்குத் தேர்வான வீரர்களின் எண்ணிக்கையைக் கொண்டு சொல்லிவிட முடியுமா? ரசிகர்கள் தமக்குள் வாதிடும்போது கடைசியில் வந்து நிற்பது பெரும்பாலும் இந்த எண்ணிக்கையில்தான். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கல்லூரிக்குள் எப்படிப்பட்ட பையன்கள் வந்து சேர்ந்தார்கள் என்பதைத்தான் அந்த எண் பெருமளவுக்குக் காட்டுகிறது. வந்தவர்களை அந்தக் கல்லூரி என்ன செய்தது என்பதை அதிலிருந்து பிரித்தெடுக்க வேறு சில கணக்குகள் வேண்டும். அந்தக் கணக்குகளைப் போட்டுப் பார்த்தால் பட்டியலின் உச்சியில் இருக்கும் சில பெயர்கள் இறங்கும், நடுவில் கிடக்கும் சில பெயர்கள் ஏறும்.

ஆட்டத்தை அதிகம் பின்தொடராதவர்களுக்காகச் சில அடிப்படை விவரங்கள். நான் பேசுவது நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் கால்பந்தைப் பற்றி. இதன் கல்லூரி ஆட்டத்தின் மேல்தட்டில் 130-க்கும் மேற்பட்ட அணிகள் உள்ளன. அணி, பயிற்சியாளர்கள், உடற்பயிற்சிக் கூடம், பள்ளி மாணவர்களைத் தேடிச் சேர்க்கும் ஏற்பாடு ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து ‘புரோகிராம்’ என்பது அமெரிக்கர்களின் வழக்கு. பள்ளியை முடித்து மூன்று ஆண்டுகளாவது ஆன பிறகே ஒருவர் டிராஃப்ட் எனப்படும் ஆள்தேர்வில் நுழையலாம். ஆண்டுதோறும் ஏப்ரல் இறுதியில் நடக்கும் அந்தத் தேர்வில் 32 தொழில்முறை அணிகள் 7 சுற்றுகளில் சுமார் 260 வீரர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. தகுதி பெற்ற கல்லூரி வீரர்களில் நூற்றுக்கு இரண்டு பேர்கூடத் தேறுவதில்லை. அவ்வளவு நெருக்கமான சல்லடை என்பதால்தான், அதில் தேறியவர்களின் எண்ணிக்கைக்கு இத்தனை மதிப்பு.

முதலில், அந்த எண் எங்கே தடுமாறுகிறது என்பதைக் காட்டும் ஓர் இரவுக்குப் போவோம். 2016 அக்டோபர் 22, டெக்சஸ் மாநிலத்தின் லப்பக் நகரம். டெக்சஸ் டெக் அணிக்கும் ஓக்லஹோமா அணிக்கும் ஆட்டம். டெக்சஸ் டெக்கின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர், பேட்ரிக் மஹோம்ஸ். அவர் அன்று எறிந்தே 734 கெஜம் சேர்த்தார். ஓடிச் சேர்த்ததையும் கூட்டினால் 819 கெஜம். அப்படியும் அவருடைய அணி 66-59 என்று தோற்றது. எதிரணியின் குவார்ட்டர்பேக்கான பேக்கர் மேஃபீல்டு, தம் கல்லூரி வாழ்க்கையை உதவித்தொகைகூட இல்லாமல் இதே டெக்சஸ் டெக்கில் தொடங்கி, பிறகு ஓக்லஹோமாவுக்கு மாறிப் போனவர். அடுத்த ஆண்டு மஹோம்ஸ் டிராஃப்ட்டின் பத்தாவது ஆளாகத் தேர்வானார். அதற்கடுத்த ஆண்டு மேஃபீல்டு முதல் ஆளாகவே தேர்வானார். மஹோம்ஸ் அங்கே இருந்த மூன்று பருவங்களில் டெக்சஸ் டெக் வென்றது 16 ஆட்டங்கள், தோற்றது 21. பின்னாளில் இந்தத் தலைமுறையின் ஆகப் பெரிய குவார்ட்டர்பேக் என்று பேசப்பட்டவரைக் கையில் வைத்துக்கொண்டு தோல்வியில் முடிந்த கணக்கு அது. எண்ணிக்கை முறையில் டெக்சஸ் டெக்குக்குக் கிடைப்பது ஒன்று. மேஃபீல்டுக்கான புள்ளி முழுவதும் ஓக்லஹோமாவுக்கே. இந்த இருவரை வைத்து அந்த இரண்டு கல்லூரிகளைப் பற்றி என்ன முடிவுக்கு வருவது?

சரி, எண்ணிக்கை உச்சத்தில் இருந்த இடத்தையும் பார்த்துவிடலாம். 2021 பருவத்தில் தேசிய பட்டம் வென்ற ஜார்ஜியா அணியிலிருந்து, 2022 டிராஃப்ட்டில் 15 பேர் தேர்வாயினர். 7 சுற்று முறை வந்த பிறகு ஒரே கல்லூரியிலிருந்து ஒரே ஆண்டில் அத்தனை பேர் போனதில்லை. அதற்கு முன் ஒஹாயோ ஸ்டேட் 2004-லும் லூயிசியானா ஸ்டேட் 2020-லும் 14 பேரை அனுப்பியிருந்தன. ஜார்ஜியாவின் 15 பேரில் ஐந்து பேர் முதல் சுற்றிலேயே போனார்கள், ஐவருமே தற்காப்பு வீரர்கள். அவர்களில் டிரேவான் வாக்கர் டிராஃப்ட்டின் முதல் ஆள். கடைசிப் பருவத்தில் அவர் எதிரணிக் குவார்ட்டர்பேக்கை வீழ்த்தியது ஆறு முறைதான். இரண்டாம் ஆளாகத் தேர்வான மிஷிகனின் ஐடன் ஹட்சின்சன் அதே பருவத்தில் 14 முறை வீழ்த்தியிருந்தார். ஆனாலும் வாக்கரின் உயரமும் கையின் நீளமும் அந்த உடலோடு அவர் ஓடிய வேகமும் தேர்வாளர்களைக் கட்டிப்போட்டன. அந்த உடல் ஜார்ஜியாவின் பயிற்சிக் களத்தில் மெருகேறியது உண்மை. ஆனால் அது ஜார்ஜியா செய்த உடல் அன்று. பள்ளியில் படிக்கும்போதே நாடு முழுதும் உள்ள பெரிய கல்லூரிகள் அவரைத் துரத்திக்கொண்டிருந்தன.

‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்பதை ஒரு தொழிலாகவே நடத்துகிறவர்கள் அங்கே உண்டு. பள்ளி வீரர்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் போட்டு வரிசைப்படுத்தும் நிறுவனங்கள் பல. அவற்றுள் ஒன்றான 247ஸ்போர்ட்ஸ், முதல் சுற்றில் 32 பேர் தேர்வாகிறார்கள் என்ற கணக்கை மனத்தில் வைத்தே ஆண்டுக்குச் சுமார் 32 பேருக்கு மட்டும் ஐந்து நட்சத்திரம் கொடுக்கிறது. அந்தக் கணிப்பு தனிமனிதர்களைப் பொறுத்தவரை அடிக்கடி பொய்க்கிறது. கூட்டமாகப் பார்த்தால் நன்றாகவே பலிக்கிறது. ஐந்து நட்சத்திரம் பெற்ற பையன் முதல் சுற்றில் போவதற்கான வாய்ப்பு, மூன்று நட்சத்திரப் பையனுக்கு இருப்பதைவிடப் பன்மடங்கு அதிகம். அலபாமா, ஜார்ஜியா, ஒஹாயோ ஸ்டேட் ஆகிய மூன்றும் அந்தப் பையன்களில் பெரும் பங்கை ஆண்டுதோறும் அள்ளிக்கொள்கின்றன. நான்கு ஆண்டுகள் கழித்து டிராஃப்ட் பட்டியலிலும் அதே மூன்று பெயர்கள் முன்னால் நின்றால், அதில் வியக்க என்ன இருக்கிறது?

இங்கே ஓர் எதிர்வாதம் உண்டு, அது வலுவானதும்கூட. நல்ல விதை கிடைத்தால் மட்டும் போதுமா, அதைக் கெடுக்காமல் வளர்ப்பதும் ஒரு திறமைதானே என்று கேட்கலாம். கேட்க வேண்டும். 2022-இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் சேர்த்த புதுமுக அணி, அந்த வரிசைப்பட்டியல்களின் வரலாற்றிலேயே ஆக உயர்ந்த மதிப்பெண் பெற்றது. அந்த ஆண்டு அந்த அணி 5 வெற்றி, 7 தோல்வி என்று முடித்தது. சேர்ந்தவர்களில் பலர் அடுத்தடுத்த ஆண்டுகளில் வேறு கல்லூரிகளுக்குக் கலைந்து போனார்கள். அவர்களில் ஒருவரான வால்ட்டர் நோலன், ஓல் மிஸ் என்று அழைக்கப்படும் மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்கு மாறி, அங்கிருந்து 2025-இல் 16-ஆவது ஆளாகத் தேர்வானார். அங்கேயே தங்கிய ஷெமார் ஸ்டூவர்ட் அடுத்த இடத்தில், 17-ஆவது ஆளாகத் தேர்வானார். ஸ்டூவர்ட் மூன்று பருவங்களில் எதிரணிக் குவார்ட்டர்பேக்கை வீழ்த்திய மொத்தக் கணக்கு நான்கரைதான் (இருவர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்கு அரை); பருவத்துக்கு ஒன்றரை. ஆனால் 267 பவுண்டு எடையோடு 40 கெஜத்தை 4.59 விநாடியில் ஓடிக் காட்டினார். ஒரு தேர்வாளர் அவரிடம் கண்டது மூன்று ஆண்டுக் கல்லூரி ஆட்டத்தையா, பதினேழு வயதிலேயே தெரிந்த அந்த உடலையா? டிராஃப்ட் எண்ணிக்கையில் அவர் டெக்சஸ் ஏ அண்ட் எம்முக்கு ஒரு முதல் சுற்றுப் புள்ளி. எனக்கு அவர், கல்லூரியால் முழுமையாகப் பயன்படுத்த முடியாமல் போன ஒரு வீரர்.

ஆக, கொடுத்து வைத்ததைக் கெடுக்காமல் காப்பாற்றியதற்கு அலபாமாவுக்கு மதிப்பெண் கொடுத்தாக வேண்டும். 2009 முதல் 2025 வரை ஒவ்வோர் ஆண்டும் குறைந்தது ஒருவராவது அலபாமாவிலிருந்து முதல் சுற்றில் போயிருக்கிறார். தொடர்ந்து 17 ஆண்டுகள். இதற்கு முன் அந்தச் சாதனை, 1995 முதல் 2008 வரை 14 ஆண்டுகள் தொடர்ந்த மயாமியிடம் இருந்தது. மயாமியின் கதை இந்தக் கேள்விக்கு மிகவும் பயனுள்ளது என்பதால் சற்று நின்று பார்க்கலாம்.

1979-இல் ஹோவர்டு ஷ்னெல்லன்பெர்கர் பயிற்சியாளராக வந்தபோது, மயாமி கால்பந்தைக் கைவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த கல்லூரி. அவர் தெற்கு ஃபுளோரிடாவைச் சுற்றி ஒரு கோடு போட்டு, இந்த வட்டத்துக்குள் இருக்கும் நல்ல வீரர்கள் யாரும் வெளியே போகக் கூடாது என்று வீடு வீடாக ஏறி இறங்கினார். 1983 பருவத்தில் முதல் தேசிய பட்டம் வந்தது. அந்த வழி தொடர்ந்து, 2001-இல் 12 ஆட்டங்களிலும் வென்ற அணியில் உச்சம் தொட்டது. அந்த ஓர் அணியின் வீரர்களிலிருந்து பின்னாளில் 38 பேர் டிராஃப்ட்டில் தேர்வாயினர், அவர்களில் 17 பேர் முதல் சுற்றில். எட் ரீடும் ஆண்ட்ரே ஜான்சனும் தொழில்முறைக் கால்பந்தின் மிகச் சிறந்தவர்களுக்கான புகழ்மன்றம் வரை போனார்கள். 2004 டிராஃப்ட்டின் முதல் சுற்றில் மட்டும் ஆறு மயாமி வீரர்கள். பிறகு ஊற்று வற்றியது. ஆனால் மண் வற்றவில்லை. அமாரி கூப்பர், கால்வின் ரிட்லி, ஜெரி ஜூடி, பேட்ரிக் சர்டெய்ன் ஆகிய நால்வரும் மயாமி வளாகத்திலிருந்து கார் ஓட்டிப் போய்வரும் தொலைவில் பள்ளி ஆட்டம் ஆடியவர்கள். நால்வரும் சேர்ந்தது அலபாமாவில், நால்வரும் போனது முதல் சுற்றில். தெற்கு ஃபுளோரிடாவில் விளைந்தது முன்பு மயாமியின் கணக்கில் எழுதப்பட்டது, பிறகு அலபாமாவின் கணக்கில் எழுதப்பட்டது. இரண்டு கல்லூரிகளின் பயிற்சியையும் ஒப்பிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, நாம் ஒப்பிடுவது அவற்றின் ஆட்சேர்ப்பைத்தான். சர்டெய்னின் தந்தையே முன்னாள் என்எஃப்எல் வீரர் என்பதும், மகன் படித்த பள்ளியில் அவரே பயிற்சியாளராக இருந்தார் என்பதும் அந்தக் கணக்கில் எங்கே எழுதப்படுகிறது?

இதே நியாயத்தை ஐம்பது, அறுபது ஆண்டுகள் பின்னால் கொண்டுபோனால் இன்னும் கசப்பான உண்மை தெரியும். மிசிசிப்பியின் ஜாக்சன் ஸ்டேட், கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட கல்லூரி. லெம் பார்னி, வால்ட்டர் பேட்டன், ராபர்ட் பிரேசில், ஜாக்கி ஸ்லேட்டர் என்று நான்கு பேரை அது புகழ்மன்றத்துக்குத் தந்திருக்கிறது. லூயிசியானாவில் எடி ராபின்சன் நடத்திய கிராம்ப்ளிங் அணியின் வீரர்கள் என்எஃப்எல் எங்கும் நிறைந்திருந்தார்கள். தென்மாநிலங்களின் பெரிய கல்லூரிகள் கறுப்பின வீரர்களைச் சேர்க்காமல் கதவடைத்திருந்ததும் அதற்கு ஒரு பெரிய காரணம். அந்த வட்டாரக் கல்லூரிகள் தமக்குள் போட்டியிடும் குழுவான (‘மாநாடு’ என்பது அமெரிக்க வழக்கு) எஸ்இசி மாநாட்டில் ஒரு கறுப்பின வீரர் முதன்முதலாக ஆடியது 1967-இல்தான். அலபாமா அணியில் அது 1971 வரை நடக்கவில்லை. கதவு திறந்ததும் திறமை அங்கே நகர்ந்தது. 2021 டிராஃப்ட்டில் கறுப்பினக் கல்லூரிகளிலிருந்து ஒருவர்கூடத் தேர்வாகவில்லை. ராபின்சனின் வழிவந்த பயிற்சியாளர்களுக்கு அதற்குள் சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டதா? எண்ணிக்கையை மட்டும் நம்பினால் அப்படித்தான் முடிவு கட்ட வேண்டியிருக்கும்.

ஒட்டுமொத்த வரலாற்று எண்ணிக்கையில் நோட்ர டேமும் சதர்ன் கலிஃபோர்னியாவும் தலா 500-க்கு மேற்பட்டோருடன் முன்னணியில் இருக்கின்றன. இந்த எண்ணை யாராவது மேற்கோள் காட்டினால் நான் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. 1950-களில் டிராஃப்ட் 30 சுற்றுகள் ஓடியது. 1977-இல் 12 சுற்றாகவும் 1994-இல் 7 சுற்றாகவும் சுருங்கியது. அலபாமாவின் பார்ட் ஸ்டார் 1956-இல் 200-ஆவது ஆளாகத் தேர்வானபோது அது 17-ஆவது சுற்று. மிஷிகனின் டாம் பிரேடி 2000-இல் 199-ஆவது ஆளாகத் தேர்வானபோது அது ஆறாவது சுற்று. டிராஃப்ட் தொடங்கிய 1936-இல் தேர்வான முதல் ஆள் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கர். அவர் ஒரு நாள்கூடத் தொழில்முறை ஆட்டம் ஆடவில்லை. அவருடைய கல்லூரியோ 1939-இல் கால்பந்தையே நிறுத்திவிட்டது.

சுற்றுக்கு ஏற்ற மதிப்புக் கொடுத்துக் கூட்டினால் சரியாகிவிடாதா என்று சிலர் கேட்பார்கள். அதற்கான கருவி ஏற்கெனவே உண்டு. 1990-களின் தொடக்கத்தில் டாலஸ் கவ்பாய்ஸ் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன், டிராஃப்ட் இடங்களைப் பிற அணிகளோடு மாற்றிக்கொள்வதற்காக ஓர் அட்டவணையைப் பயன்படுத்தினார். முதல் இடத்துக்கு 3000 புள்ளி, பத்தாவதுக்கு 1300, முப்பத்திரண்டாவதுக்கு 590, நூறாவதுக்கு 100. வெறும் தலை எண்ணிக்கையைவிட இது மேல். ஆனாலும் இது அளப்பது டிராஃப்ட் நாளன்று தேர்வாளர்களுக்கு இருந்த எதிர்பார்ப்பை மட்டுமே. 2021-இல் அலபாமாவிலிருந்து முதல் சுற்றில் ஆறு பேர் போனார்கள். ஒன்பதாவது ஆளான சர்டெய்ன் 2024-இல் லீக்கின் சிறந்த தற்காப்பு வீரர் விருதைப் பெற்றார். பதினேழாவது ஆளான அலெக்ஸ் லெதர்வுட்டை அவரைத் தேர்ந்தெடுத்த அணி இரண்டாவது பருவம் தொடங்கும் முன்பே விலக்கிவிட்டது. எந்த அட்டவணையில் கூட்டினாலும் அன்றைக்கு இருவரும் அலபாமாவின் பெருமைகள்தான்.

பெரிய கல்லூரியின் பெயருக்கே ஒரு விலை உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. அலபாமாவின் பயிற்சிக் களத்தில் 32 அணிகளின் ஸ்கவுட்டுகளும், அதாவது வீரர்களைத் தேடிப் பார்ப்பவர்களும், வந்து நிற்பார்கள். நட்சத்திர வீரரைப் பார்க்க வந்தவர்களின் கண்ணில் அவருக்குப் பக்கத்தில் ஆடுபவரும் படுவார். நார்தர்ன் அயோவாவில் ஆடிய கர்ட் வார்னரை 1994-இல் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. பிறகு அவர் என்எஃப்எல்லின் இறுதிப்போட்டியான சூப்பர் போல் வென்று, 2017-இல் புகழ்மன்றத்துக்கும் போனார். அவருடைய கல்லூரியின் கணக்கில் அவருக்குப் பூஜ்யம்.

அப்படியானால் நான் எதைப் பார்ப்பேன்? உள்ளே வந்தவர்கள் யார், வெளியே போனவர்கள் யார் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். என் கண்ணில் இந்த ஒப்பீட்டில் மிக நன்றாக நிற்பது அயோவா. 1999 முதல் அங்கே தலைமைப் பயிற்சியாளராக இருக்கும் கர்க் ஃபெரன்ட்ஸ், அதற்கு முன் என்எஃப்எல்லில் லைன்மேன்களுக்கு, அதாவது முன்வரிசையில் மோதித் தடுப்பவர்களுக்கு, பயிற்சி கொடுத்தவர். அயோவா சிறிய மாநிலம். ஐந்து நட்சத்திரப் பையன்கள் அங்கே விளைவதும் அபூர்வம், வெளியிலிருந்து வருவதும் அபூர்வம். ஆட்சேர்ப்புப் பட்டியல்களில் அந்தக் கல்லூரி நடுத்தரத்துக்குச் சற்று மேலே எங்கோ இருக்கும். ஆனால் டைட் எண்ட் என்னும் ஓரிடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எதிரணியின் பெரிய உடல்களை மோதித் தடுக்கவும் வேண்டும், நழுவி ஓடிப் பந்தைப் பிடிக்கவும் வேண்டும் என்ற இரட்டை வேலை அது. சாரிட்டன் என்ற சிற்றூரிலிருந்து மூன்று நட்சத்திரத்தோடு வந்த டி.ஜே. ஹாக்கென்சன் 2019-இல் எட்டாவது ஆளாகத் தேர்வானார். அவருடைய சக வீரர் நோவா ஃபேண்ட் அதே சுற்றில் இருபதாவது ஆள். ஒரே கல்லூரியின் இரண்டு டைட் எண்டுகள் ஒரே முதல் சுற்றில் போனது அதுவே முதல் முறை. 2023-இல் சாம் லபோர்ட்டா இரண்டாவது சுற்றில் போனார். இவர்களுக்கெல்லாம் மூத்தவர் ஜார்ஜ் கிட்டில். அயோவாவில் இருந்த காலம் முழுவதும் அவர் பிடித்த பந்துகள் 48 மட்டுமே. 2017-இல் ஐந்தாவது சுற்றில் 146-ஆவது ஆளாகப் போனார். 2018-இல் ஒரே பருவத்தில் 1377 கெஜம் சேர்த்து, டைட் எண்டுகளுக்கான அன்றைய லீக் சாதனையை முறியடித்தார். அயோவா அவருக்குக் கற்றுக்கொடுத்தது மோதித் தடுக்கும் கலையை. அந்தக் கலை தெரிந்ததால்தான் அவரைக் களத்திலிருந்து வெளியே எடுக்க வேண்டிய தேவையே வரவில்லை.

கூப்பர் டிஜீனும் அப்படித்தான். ஓடிபோல்ட் என்ற சின்னஞ்சிறு ஊர். பள்ளியில் அவர் குவார்ட்டர்பேக். அயோவா அவரைத் தற்காப்புக்கு மாற்றியது. 2024-இல் இரண்டாம் சுற்றில் தேர்வானார். அடுத்த பிப்ரவரியில் சூப்பர் போலில் மஹோம்ஸ் எறிந்த பந்தை இடைமறித்து எல்லைக்கோடு வரை ஓடி டச்டவுன் போட்டார். அயோவாவைப் புகழ்கிறேன் என்பதால் ஒன்றை மறைக்கக் கூடாது: 2022-இல், லபோர்ட்டா அந்த அணியில் இருந்தபோதே, கெஜக் கணக்கில் அயோவாவின் தாக்குதல் ஆட்டம் மேல்தட்டின் 131 அணிகளில் 130-ஆவது இடத்தில் இருந்தது. தனி வீரர்களை என்எஃப்எல்லுக்குத் தகுதியாக்குவதும், அவர்களை வைத்துக் கல்லூரி ஆட்டத்தில் புள்ளி சேர்ப்பதும் ஒரே திறமை அல்ல என்பதற்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

மறுபக்கச் சாட்சியும் உண்டு. 2015-இல் ஒஹாயோ ஸ்டேட் அணியில் இருந்தவர்களிலிருந்து அடுத்த டிராஃப்ட்டில் 12 பேர் போனார்கள், ஐந்து பேர் முதல் சுற்றில். அந்த அணி நவம்பர் 21 அன்று, தன் சொந்த மைதானத்தில், முதன்மைக் குவார்ட்டர்பேக் காயத்தால் ஆடாத மிஷிகன் ஸ்டேட்டிடம், கடைசி நொடியில் உதைக்கப்பட்ட, மூன்று புள்ளி தரும் 41 கெஜ ஃபீல்டு கோலால் 17-14 என்று தோற்று, தேசிய பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றுக்கே போகாமல் போனது. பின்னாளில் நான்காவது ஆளாகத் தேர்வான எசெக்கியல் எலியட்டிடம் அன்று பந்து கொடுக்கப்பட்டது 12 முறை. அவர் எடுத்தது 33 கெஜம். இத்தனை திறமையைப் பயன்படுத்தத் தெரியவில்லை என்று ஆட்டம் முடிந்ததும் அவரே பொறுமினார். இதற்கு நேரெதிராக, ராணுவக் கல்லூரியான ஆர்மி 2024-இல் தன் மாநாட்டுப் பட்டத்தை வென்று 12 வெற்றிகளோடு பருவத்தை முடித்தது. படிப்புக்குப் பின் ராணுவப் பணி கட்டாயம் என்பதால் டிராஃப்ட்டுக்குப் போகும் ஆசையுள்ளவர்கள் அங்கே சேர்வதே குறைவு. பந்தை எறியாமல் ஓடியே ஆடும் அவர்களுடைய முறையும் என்எஃப்எல்லுக்கு உதவாது. டிராஃப்ட்டை மட்டும் வைத்து அளந்தால் ஆர்மி ஒரு புரோகிராமே அல்ல.

இப்போது வந்திருக்கும் புதிய சிக்கல் கல்லூரி மாறுதல். 2018-இல் மாறுதலுக்கான பதிவேடு வந்தது. 2021-இல் ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டும் என்ற விதி தளர்ந்தது. அதே ஆண்டு ஜூலையிலிருந்து வீரர்கள் தம் பெயரை வைத்துப் பணம் ஈட்டவும் வழி பிறந்தது. 2025-இல் முதல் ஆளாகத் தேர்வான கேம் வார்டை மயாமியின் பிள்ளை என்று பட்டியல் சொல்கிறது. பள்ளியில் பந்தை அதிகம் எறியாத ஓர் ஆட்டமுறையில் ஆடியதால் அவரை யாரும் கண்டுகொள்ளவில்லை. உதவித்தொகையோடு அழைத்த ஒரே கல்லூரி சான் அன்டோனியோவில் உள்ள இன்கார்னேட் வோர்டு. அங்கே இரண்டு ஆண்டுகள், வாஷிங்டன் ஸ்டேட்டில் இரண்டு ஆண்டுகள், மயாமியில் ஓராண்டு. 2020-இன் முதல் ஆளான ஜோ பர்ரோ ஒஹாயோ ஸ்டேட்டில் மூன்று ஆண்டுகள் பெஞ்சில் இருந்து பட்டமும் வாங்கிக்கொண்டு லூயிசியானா ஸ்டேட்டுக்குப் போனவர். கடைசிக் கல்லூரிக்கு முழுப் புள்ளியும் கொடுக்கும் வழக்கத்தை இனியும் தொடர்வது, வளர்த்தவரை விட்டுவிட்டு விற்றவரைப் பாராட்டுவதற்குச் சமம். என்னைக் கேட்டால் வார்டின் புள்ளியில் பெரும்பகுதியை இன்கார்னேட் வோர்டுக்குக் கொடுப்பேன்.

ஆகவே கேட்டவருக்கு என் நேரடி யோசனை இது. பதினேழு வயதில் ஐந்து நட்சத்திரத்தோடு நிற்கும் பையனுக்கு எந்தக் கல்லூரி ஏற்றது என்று பார்த்தால், டிராஃப்ட் எண்ணிக்கை ஓரளவு வழிகாட்டும். ஆனால் அவனும் மொத்த எண்ணிக்கையைப் பார்க்கக் கூடாது. தன் இடத்தில் ஆடியவர்களை மட்டும், இப்போதிருக்கும் பயிற்சியாளர் வந்த பிறகு போனவர்களை மட்டும் பார்க்க வேண்டும். 2022 முதல் 2025 வரை ஒவ்வோர் ஆண்டும் எறிந்த பந்தைப் பிடிக்கும் ரிசீவர் ஒருவராவது ஒஹாயோ ஸ்டேட்டிலிருந்து முதல் சுற்றில் போயிருக்கிறார் என்பது ரிசீவருக்குப் பொருளுள்ள செய்தி. லைன்மேனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. மூன்று நட்சத்திரத்தோடு நிற்கும் பையன் பார்க்க வேண்டிய பட்டியலே வேறு: தன்னைப் போல வந்து தேறியவர்களின் பட்டியல்.

கல்லூரியை எடைபோட விரும்பும் ரசிகருக்கு நான் சொல்வது இரண்டாவது ஒப்பந்தத்தை எண்ணுங்கள் என்பது. டிராஃப்ட்டில் தேர்வானவரின் முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டு. முதல் சுற்றுக்காரருக்கு மட்டும் அணி விரும்பினால் ஐந்தாவது ஆண்டு. அதன் பிறகும் ஓர் அணி ஒருவருக்குப் பெரும் பணம் கொடுத்து வைத்துக்கொள்கிறது என்றால், அவரை நான்கு ஆண்டுகள் நாள்தோறும் பயிற்சியில் பார்த்தவர்களின் தீர்ப்பு அது. கல்லூரியில் அடித்தளம் எவ்வளவு உறுதியாகப் போடப்பட்டது என்பது அப்போது தெரியும். டிராஃப்ட் இரவின் ஆரவாரத்துக்கும் அதற்கும் தொடர்பு குறைவு.

இதுவும் ஓட்டையில்லாத அளவுகோல் அன்று. ஜார்ஜியாவின் அந்த 15 பேரில், முதல் சுற்றின் கடைசி ஆளாக 32-ஆவது இடத்தில் தேர்வானவர் லூயிஸ் சைன். முதல் பருவத்திலேயே, 2022 அக்டோபரில் லண்டனில் நடந்த ஓர் ஆட்டத்தில், அவருடைய கால் எலும்பு முறிந்து வெளியே வந்தது. 2024 ஆகஸ்டில் அணி அவரை விடுவித்தது. இரண்டாவது ஒப்பந்தக் கணக்கில் அவரை ஜார்ஜியாவின் தோல்வி என்று எழுதுவதா, எழுதாமல் விடுவதா என்பதை நான் இன்னும் முடிவு செய்யவில்லை.